எண்ணெய்ச் சட்டி வைக்காத வருசம்

கழுகுமலை
ஆவணி 23

மணிக்குட்டி,

மேல உள்ள பேரை அடிச்சிருக்கேன் பாரு. தாளை எடுத்து வச்சா கை முதல்ல அந்தப் பேரைத்தான் எழுதுது. செத்துப்போன என் மக பொன்மணியை நான் கூப்பிடுத பேரு அது. உனக்கு எழுதினது இல்ல. வேற தாள் இல்லாததால இதுலயே எழுதுதேன்.

சுடலைக்குமார் பெண்டாட்டி ஜெயப்பிரியாவுக்கு மாடத்தி எழுதுதது. உன் கடுதாசி வந்துச்சு. நாலாப்பு வரைக்கும் படிச்சவ நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். போன்ல கேக்காம எழுதினது நல்லதாப் போச்சு. உன் போனை உன் புருசன் எடுத்துப் பாப்பான்னு எழுதியிருக்க. என் மக போனையும் பாப்பான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். என்னை அம்மான்னு எழுதாதே. ரெண்டாந்தாரமா வாரவ, மூத்தவளைப் பெத்தவளை அம்மான்னுதான் கூப்பிடணும்னு உங்க வீட்டுல சொல்லிக் குடுத்திருப்பாவ. வழமை அதுதான். நானும் இல்லேங்கல. அது நல்லபடியா செத்தவ வீட்டுக்கு.

தீபாவளிக்கு மூத்தவளுக்குச் சேலை எடுத்து வச்சு அதிரசம் சுட்டுப் படைக்கணும், மாவு எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது, அக்கா எப்படிச் செய்வாவளோ அந்தப் பக்குவத்தை எழுதுங்கன்னு கேட்டிருக்க. ஏட்டி, கேக்குத இடம் தெரிஞ்சுதான் கேட்டியா? என் மக எப்படிச் செத்தான்னு உன்கிட்ட என்ன சொல்லி வச்சிருக்காவ? உன் புருசன் போலீசுல சொன்னது எனக்கு மனப்பாடம். "எங்க வீட்டு அடுப்படியில அதிரசம் சுட்டுக்கிட்டு இருந்தா. வேற யாரும் இல்ல. சட்டி கவுந்து சேலையில தீப்பிடிச்சிட்டு." பெரியாஸ்பத்திரியில கிடந்தா. கண்ணே முழிக்கல. தீபாவளிக்கு முந்தின நாளு போயிட்டா. இந்தத் தீபாவளியோட ரெண்டு வருசம்.

இப்ப நான் சொல்லுததக் கேளு. அந்த வருசம் பங்குனியிலதான் அவ அப்பா வெயிலுமுத்து செத்தாரு. துட்டி விழுந்த வீட்டுல வருசம் திரும்புத வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. கட்டிக் குடுத்த மகளுக்கு அவ்வளவு கட்டு இல்ல. ஆனா எங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது. "மகனும் நான்தான். வருசம் முழுக்க என் வீட்டுல சட்டி வைக்க மாட்டேம்மா"ன்னு அவளாச் சொன்னா. ஒரு அப்பளம் பொரிக்கல. மருமகன் வடை கேட்டதுக்குக் கடையில வாங்கிக்கிடுங்கன்னு சொல்லிட்டா. அப்படிப்பட்டவ அந்த வீட்டுல அதிரசம் சுட்டாளாம்.

பொய் சொல்லுதான். எதுக்குச் சொல்லுவான்? கொன்னவன்தான் சொல்லுவான். இதைச் சொன்னா ஸ்டேசன்ல, "இதெல்லாம் சாட்சி ஆகாதும்மா"ன்னு அனுப்பிட்டாவ. அவன் உன்னைக் கட்டிக்கிட்டான்னு கேட்டதும் மேல உள்ள அதிகாரிக்கு மறுபடியும் மனு போட்டேன். தீபாவளி கழிஞ்சு நாலாம் நாள் கூப்பிட்டு விசாரிக்காவ. அவனையும் கூப்பிடுவாவ. உன்னையும் கூப்பிடுவாவ.

பக்குவம் வேணும்னா ஒண்ணுக்கு மட்டும் பதில் எழுது. அந்த அடுப்படியைத் தினமும் தூத்துத் துடைக்குதவ நீதான். ஒரு சட்டி எண்ணெய் கவுந்து தீ எரிஞ்ச தரையில கறை இருக்கணும்லா. இருக்கா, இல்லையா?

மாடத்தி


கோவில்பட்டி
15.9.2025

மாடத்தி அம்மாளுக்கு,

அம்மான்னு எழுதாதேன்னு சொல்லிட்டீங்க. வேற எப்படி எழுதன்னு தெரியாமப் பேரைச் சேர்த்திருக்கேன். கோவிச்சுக்கிடாதீங்க.

நான் கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கெட் ஒட்டுற வேலைக்குப் போறேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடுற நேரத்துல இதை எழுதுதேன். பதில் போட்டா கம்பெனி விலாசத்துக்கே போடுங்க. வீட்டுக்குப் போட்டுடாதீங்க.

அடுப்படி விபத்துன்னுதான் எங்ககிட்டச் சொன்னாங்க. எங்க அப்பா, "விசாரிச்சிட்டேன், பையன் லோடு ஆட்டோ ஓட்டுதான், குடி கிடையாது"ன்னு சொன்னாங்க. எனக்கு மூணு தங்கச்சி. அதுக்கு மேல கேக்க எங்க வீட்டுல ஆள் இல்ல.

என் மேல என்ன தப்பு இருக்குன்னு நீங்க அப்படி எழுதினீங்கன்னு முதல்ல அழுதேன். அப்புறம் யோசிச்சேன். இந்த வீட்டுலயும் என்னை அப்படித்தான் பாக்காங்க. மூணு தடவை மாவு வச்சுட்டேன். மூணு தடவையும் எண்ணெயில போட்டதும் பொடிப்பொடியாப் போயிடுது. எங்க மாமியார், "மூத்தவ உன்னை ஏத்துக்கிடல. ஒரு படையல் வைக்கத் துப்பில்லாதவ, நீ என்னத்தப் பெத்து எடுக்கப் போற"ன்னு தெருவே கேக்கச் சொல்லுதாங்க. அடுத்த நாளு அந்தத் தூளையே காப்பிக்குத் தொட்டுச் சாப்பிடுதாங்க. அது மட்டும் ஏத்துக்கிடுது.

நீங்க கேட்டதுக்கு வாரேன். எல்லாரும் வெளியே போன சமயம் பாத்து ஈரத்துணியை வச்சு மூலை மூலையாத் துடைச்சுப் பாத்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. அரிசி டிரம்மை நகட்டிப் பாத்தேன். கேஸ் அடுப்பு மேடைக்குக் கீழயும் பாத்தேன். கறை இல்ல. சுவத்துச் சுண்ணாம்பும் பழசுதான், புகை ஏறினதே இல்ல.

இதை எழுதாம விட்டிருக்கலாம். பொய் எழுதக் கை வரல. ஆனா இதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சா அந்த அடுப்படிக்குள்ள நிக்கவே பயமா இருக்கு. தயவுசெஞ்சு இதை யாருக்கும் காட்டாதீங்க. பக்குவத்தை எழுதுங்க.

ஜெயப்பிரியா


கழுகுமலை
புரட்டாசி 5

ஜெயப்பிரியாவுக்கு,

இதைத்தான் கேட்டேன். ரெண்டு வருசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். தீப்பெட்டி ஆபீஸ்ல கூட வேலை பாக்குதவளுவ, "மாடத்திக்கு மண்டை குழம்பிட்டு"ன்னு என் முதுகுக்குப் பின்னால பேசுதாளுவ. இப்பப் பேசச் சொல்லு.

கறை இல்லைன்னா அங்கன எண்ணெய் கவுழல. எண்ணெய் கவுழலைன்னா அதிரசம் சுடல. அப்ப என் மக எதுல எரிஞ்சா?

இன்னொண்ணும் இருக்கு. இதை நான் ஸ்டேசன்லயும் சொன்னேன், ஒருத்தரும் காது குடுக்கல. அதிரசம் ஒத்தை ஆளு சுடுத பலகாரம் இல்ல. ஒருத்தி தட்டி எண்ணெயில போடணும். இன்னொருத்தி எடுத்து, ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு அழுத்தி எண்ணெயை வடிக்கணும். எங்க வீட்டுல அவ தட்டுவா, நான் அழுத்துவேன். ஒத்தையில நின்னா ஒண்ணு கருகும், இல்ல எண்ணெய் குடிக்கும். அது அவளுக்குத் தெரியாதா? கூட யாருமில்லைன்னு உன் புருசன் சொல்லுதானே, அதை நீ கேளு. மூஞ்சியைப் பாத்துக் கேளு.

நீ எழுதினதை வக்கீல்கிட்டக் குடுக்கப் போறேன். விசாரணையில அதைக் காட்டணும். நீ பயப்படாதே. பயந்தா உங்க அப்பா வீட்டுக்குப் போயிடு. என் மகளுக்குப் போகணும்னு தோணியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா.

பக்குவம் பெறவு எழுதுதேன்.

மாடத்தி


கோவில்பட்டி
27.9.2025

மாடத்தி அம்மாளுக்கு,

யாருக்கும் காட்டாதீங்கன்னு நான் எழுதினதை வாசிச்சீங்களா இல்லையா? வாசிச்சுட்டுத்தான் வக்கீல்கிட்டக் குடுக்கப் போறேன்னு எழுதுதீங்களா? உங்க மகளுக்கு நியாயம் வாங்க என்னைக் கொண்டுபோய் நிறுத்துவீங்க. அப்புறம் சாயங்காலம் நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போக? பசுவந்தனையில எங்க அப்பா வீடு ஒரே அறை. மழை இல்லாம இந்த வருசமும் உளுந்து வெள்ளாமை போச்சு. எந்த மூஞ்சியோட அங்க போய் நிக்க?

கேக்கச் சொன்னீங்க. கேட்டேன். என் வீட்டுக்காரங்களுக்குச் சோறு போட்டுட்டு, "அக்கா அதிரசம் சுடும்போது கூட யாரு இருந்தா?"ன்னு கேட்டேன். கையை அப்படியே தட்டுல வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாங்க. "யாரு கேக்கச் சொன்னா?"ன்னாங்க. யாரும் இல்லைன்னேன். சாப்பிடாம எந்திரிச்சு வண்டியை எடுத்துட்டுப் போனவங்க மறுநாளுதான் வந்தாங்க. அடிக்கல. திட்டல. அடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

எனக்கு இது நாலாம் மாசம். உங்களுக்கு எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். இப்ப எழுதிட்டேன். நீங்க கொலைகாரன்னு சொல்லுதது என் பிள்ளையோட அப்பாவை.

இன்னொரு விசயம். சொல்லவும் மாட்டாம விடவும் மாட்டாம இருக்கு. எங்க வீட்டை அடுத்த மேலவீட்டுல சுந்தரேஸ்வரின்னு ஒரு அக்கா இருக்காங்க. புருசன் துபாயில, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. தெருவுல எல்லார்கிட்டயும் கலகலன்னு பேசுவாங்க. என்னைப் பாத்தா மட்டும் வாசலை விட்டு உள்ள போயிடுவாங்க. கூட ஒரு ஆள் வேணும்னு நீங்க எழுதினீங்கல்லா, அதான் அவங்ககிட்டப் போய், "எக்கா, அதிரசம் சுடணும், அழுத்த வாரீங்களா?"ன்னு கேட்டேன். கையைச் சேலைத் தலைப்புக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. உடனே கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு வருசமா அவங்க வீட்டுல எண்ணெய்ப் பலகாரமே கிடையாதாம். எல்லாம் கடைதானாம். அவங்க வீட்டுல துட்டி ஒண்ணும் இல்ல.

என் கடுதாசியைத் திருப்பி அனுப்பிடுங்க.

ஜெயப்பிரியா


கழுகுமலை
புரட்டாசி 16

ஜெயப்பிரியாவுக்கு,

வக்கீல்கிட்டக் குடுக்கல. சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன். மாசமா இருக்கன்னு தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருப்பேனோ என்னமோ. தெரியல.

சுந்தரேஸ்வரின்னதும் எனக்கு ஞாபகம் வந்துட்டு. பொன்மணியை எடுத்த அன்னைக்கு அவ வந்திருந்தா. எல்லாரும் மாரடிச்சு அழுதோம். அவ ஒரு ஓரமா நின்னா. வலது கையில ஈரத்துணி சுத்தியிருந்துச்சு. "கையில என்னத்தா?"ன்னு யாரோ கேட்டதுக்கு, "கொதிக்கிற உலையில பட்டுட்டு"ன்னா. நான் அதை அன்னைக்கே மறந்தேன். ரெண்டு வருசமா உன் புருசன் கையில கொப்புளம் இருந்துச்சான்னு மட்டும்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் அந்தத் தெருவுக்கு வந்தா உங்க மாமியா விளக்குமாத்தைத் தூக்கிட்டு வருவா. நீதான் கேக்கணும். அதட்டாதே. அவ பிள்ளைங்க இல்லாத நேரமாப் பாத்துப் போ.

வேலையில கடலைமிட்டாய்ப் பாகு கொதிக்குத இடத்துல நிக்காதே. ஒட்டுத வேலை மட்டும் பாரு.

மாடத்தி


கோவில்பட்டி
9.10.2025

மாடத்தி அம்மாளுக்கு,

இதை வாசிக்கும்போது உக்காந்து வாசிங்க. பக்கத்துல யாரையாவது வச்சுக்கிடுங்க.

முந்தாநாள் லேசாத் தூறல். கொடியில கிடந்த அவங்க துணியை எடுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போனேன். "எக்கா, நனையுது"ன்னேன். வாங்கிக்கிட்டாங்க. "அதிரசம் அழுத்த ஒரு ஆளு தேடிக்கிட்டு இருக்கேன்"ன்னு மறுபடியும் சொன்னேன்.

"உங்க மாமியாளைக் கூப்பிடு. கரண்டி பிடிக்கக் கையில்லையா அவளுக்கு? வாய் மட்டும்தான் இருக்கா?"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்ச வேகத்துல, "உங்க கையைக் காட்டுங்கக்கா"ன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு.

"யாரு சொன்னா உனக்கு?"

"அக்காவைப் பெத்தவங்க."

அதைக் கேட்டதும் அப்படியே நிலைப்படியில உக்காந்துட்டாங்க. முழங்கைக்குக் கீழ தோல் சுருண்டு மெழுகு மாதிரி இருக்கு. எப்பவும் முழுக்கை ஜாக்கெட்டு ஏன் போடுதாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அவங்க சொன்னதை அப்படியே எழுதுதேன். பொன்மணி அக்கா தன்னோட வீட்டுல சட்டி வைக்கல. நீங்க சொன்னது சரி. சுந்தரேஸ்வரி அக்கா வீட்டுப் பின்வாசல்ல வச்சுத்தான் சுட்டிருக்காங்க. "என் வீட்டுல வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். உங்க சட்டி, உங்க அடுப்பு, எனக்குத் தோசமில்லைலாக்கா? துட்டி வீட்டுக்கு வேண்டியவங்கதான் சுட்டுக் கொண்டுபோகணும். எங்கம்மாவுக்கு இந்த வருசம் யாரு கொண்டுபோவா? சொந்தக்காரங்க எல்லாம் சண்டை"ன்னு கேட்டாங்களாம்.

உங்களுக்குத்தான் சுட்டாங்க.

ஒளிஞ்சு சுட்டதுக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுப் பெரியவரு இறந்த பதினாறாம் நாள், தலையில உருமாத் துணி கட்டுறப்போ மருமகனை விட்டுட்டு உங்க கொழுந்தன் மகனுக்கு முதல்ல கட்டினாங்கன்னு சண்டை. அதுக்கு அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, ஒரு பொருள் போகக்கூடாதுன்னு என் வீட்டுக்காரங்களும் மாமியாரும் சொல்லியிருக்காங்க. அக்கா, "தீபாவளி அன்னைக்குக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிடுவேன்"ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே தட்டினாங்களாம்.

அந்த வாரம் நல்ல மழை. பின்வாசல் கரிசல் மண்ணு, சொதசொதன்னு கிடந்திருக்கு. மூணு கல்லு கூட்டி அடுப்பு. சுந்தரேஸ்வரி அக்கா இன்னொரு கரண்டி எடுக்க உள்ள போயிருக்காங்க. சூட்டுல நிக்க நிக்க ஒரு கல்லு மண்ணுக்குள்ள இறங்கிட்டு. சட்டி சாயுதேன்னு பொன்மணி அக்கா பிடிக்கப் போயிருக்காங்க. எண்ணெய் தீயில விழுந்து அப்படியே மேல ஏறிட்டு. சுந்தரேஸ்வரி அக்கா நனைஞ்ச சாக்கைப் போட்டு அணைச்சதுல கை போச்சு.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரங்க ஓடி வந்து தூக்கியிருக்காங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்க இருந்துதான் ஆம்புலன்சு. சுந்தரேஸ்வரி அக்கா, "என்னை இதுல இழுத்துடாதீங்க, அவரு ஊர்ல இல்ல, ரெண்டு பொட்டைப் பிள்ளைங்க"ன்னு கும்பிட்டிருக்காங்க. எங்க மாமியார், "நம்ம அடுப்படின்னே சொல்லிடு"ன்னு முடிச்சிருக்காங்க.

நேத்து என் வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன். அழுதாங்க. நான் அழுகையை நம்பி இதை எழுதல. "சுந்தரேஸ்வரிக்காக மட்டுமா பொய் சொன்னீங்க?"ன்னு கேட்டேன். "அம்மா வீட்டுக்குச் சுட்டான்னு சொன்னா, ஏன் ஒளிஞ்சு சுட்டான்னு கேப்பாங்க. போகக்கூடாதுன்னு சொன்னது நான்தானே"ன்னாங்க.

கொல்லல. பொய் சொன்னாங்க. ரெண்டும் நிஜம். தீபாவளி கழிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால நீங்க கொன்னான்னு சொன்னா அதைத்தான் நம்புவாங்க. நான் எதுத்துச் சொன்னா புருசனைக் காப்பாத்தச் சொல்லுதேன்னுதான் நினைப்பாங்க. இனிமே உங்க வாயிலதான் இருக்கு.

ஜெயப்பிரியா


கழுகுமலை
புரட்டாசி 28

ஜெயப்பிரியா,

நல்லாக் கோத்து எழுதியிருக்க. கல்லு இறங்கிச்சாம். சாக்கு நனைஞ்சிருந்துச்சாம். யாரு உக்காந்து சொல்லிக் குடுத்தா? உன் புருசனா, மாமியாளா? வயித்துல பிள்ளை இருக்குதவ புருசன் ஜெயிலுக்குப் போகாம இருக்க என்ன வேணும்னாலும் எழுதுவா. நானா இருந்தாலும் எழுதுவேன். கை தீஞ்சது வேற எதுலயும் தீஞ்சிருக்கும். எனக்காகச் சுட்டான்னு சொன்னா இந்தக் கிழவி நெஞ்சொடிஞ்சு மனுவைக் கிழிச்சிடுவான்னு கணக்குப் போட்டீங்களா?

நாலு நாளா ஆபீஸ் போகல. உன் தாளை மடக்குதேன், விரிக்கேன்.

சரி. ஒண்ணு கேக்குதேன். நீயாப் பதில் எழுதிடாதே. சுந்தரேஸ்வரிகிட்டப் போய், அந்த மாவுல வாசத்துக்கு என்ன போட்டாவன்னு கேளு. நான் ஏன் கேக்குதேன்னு சொல்லாதே. அவ என்ன சொன்னாளோ அதை மட்டும் எழுது. கூடக் குறைய ஒண்ணும் எழுதாதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னால எனக்கு வந்து சேரணும்.

மாடத்தி


பசுவந்தனை
17.10.2025

மாடத்தி அம்மாளுக்கு,

கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்.

"நான் ஏலக்காய் இடிச்சு எடுத்துட்டு வந்தேன். பொன்மணி அதை மூடித் தூர வச்சிட்டா. 'எங்கம்மாவுக்கு அந்த வாசம் ஆகாதுக்கா. தலைவலி வந்துடும். சுக்கு மட்டும் தட்டிப் போடுங்க. எங்க மாமியாளுக்குச் சுட்டாத்தான் ஏலக்காய்'னா. அந்த ஏலக்காய்ப் பொடி ரொம்ப நாளு அப்படியே இருந்துச்சு. தூரவும் போட மாட்டாம, எடுக்கவும் மாட்டாம."

அவ்வளவுதான். இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல.

நான் அப்பா வீட்டுக்கு வந்துட்டேன். இந்த அறையில எட்டுப் பேரு படுத்துக்கிடுதோம். தீபாவளிக்குப் படையல் வைக்கலைன்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் வெளிய சொல்லாம அக்கா பேருல இலை போட எனக்கு மனசு வரல. மாமியார் என்னென்னமோ சொன்னாங்க. சொல்லட்டும்.

சுந்தரேஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமை வாரேன்னுதான் சொல்லியிருக்காங்க. உங்களைப் பாக்கத்தான் பயப்படுதாங்க, அதிகாரியை இல்ல. வருவாங்களான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது.

ஜெயப்பிரியா


கழுகுமலை
ஐப்பசி 10

ஜெயப்பிரியா தாயிக்கு,

விசாரணை அன்னைக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் பஸ் ஏறிட்டேன். பேசினா அங்கனயே விழுந்திருப்பேன். உன்னை வெளிய பெஞ்சுல உக்காத்தி வச்சிருந்தாவ. உள்ள நடந்தது உனக்குத் தெரியாது. அதான் எழுதுதேன்.

அதிகாரி ஒரு பொம்பளை. என் மனுவைக் கையில வச்சுக்கிட்டு, "உங்க மருமகன்தான் கொன்னார்னு எழுதியிருக்கீங்க. இப்பவும் அதைத்தான் சொல்லுதீங்களா?"ன்னு கேட்டாவ. குடிக்கக் கேட்டேன். தண்ணி குடுத்தாவ. ஆமான்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். நான் ரெண்டு வருசமாக் கேட்டது எல்லாம் கிடைச்சிடும். அந்த ஒரு சொல்லு வாய்க்குள்ளதான் கிடந்துச்சு.

ஏலக்காய் எனக்கு ஆகாதுன்னு அவ அப்பாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். உன் புருசனுக்குத் தெரியாது. உங்க மாமியாளுக்குத் தெரிஞ்சிருந்தா நான் வந்தப்பல்லாம் ஏலக்காய் டீ போட்டுக் குடுத்திருக்க மாட்டா. போட்டாலும் போட்டிருப்பா. சுந்தரேஸ்வரி இதை எங்க இருந்து கொண்டுவர முடியும்? என் பிள்ளை வாயில இருந்துதான்.

"இல்ல"ன்னேன். "கொல்லல. எங்க வச்சு எரிஞ்சான்னு பொய் சொன்னான். பெத்தவளைப் பாக்கப் போகக்கூடாதுன்னு தடுத்தான். அவளை ஒளிஞ்சு சுட வச்சது அதுதான். மூணையும் எழுதுங்க"ன்னேன். எழுதினாவ. வாசிச்சுக் காட்டினாவ. ஒண்ணு விட்டுப்போச்சுன்னு சொல்லி மறுபடியும் எழுத வச்சேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு என்ன செய்வாவன்னு எனக்குத் தெரியாது. அது அவிய பாடு.

சுந்தரேஸ்வரி வந்தா. நீயும் பாத்திருப்ப. முழுக்கையை மடக்கிக் காட்டிட்டு, "என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க அத்தை"ன்னு என் முன்னால நின்னா. நான் என்னத்தச் செய்ய? அந்தக் கையைப் பிடிச்சேன். என் மகளைக் கடைசியாத் தொட்டு அணைச்ச கை. விட மனசு இல்லாம ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். வெளிய வரும்போது சுடலைக்குமார், "அத்தை"ன்னு கிட்ட வந்தான். "ஒதுங்குலே"ன்னு சொல்லிட்டு நடந்தேன். அதுக்கு மேல அவன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல. இனியும் இல்ல. நீ அவன்கூட இருக்குததும் இல்லாததும் உன் இஷ்டம். பெத்தவியளைப் பாக்கப் போகக் கூடாதுன்னு உன்னையும் சொன்னான்னா எனக்கு ஒரு வரி எழுது. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். விளக்குமாத்துக்குப் பயந்தது போதும்.

பக்குவம் எழுதுதேன். உன் மாவு பிரியுததுக்கு மூத்தவ காரணமில்ல. அரிசியை வெயில்ல காயப்போட்டிருப்ப. பச்சரிசியை ஊறவச்சு, நிழல்ல துணியில விரிச்சு, கையில பிடிச்சா ஈரம் ஒட்டுத பதத்துலயே மில்லுக்குக் கொண்டுபோ. அரைச்ச மாவை ஆறவிடாதே, அமுக்கி மூடி வை. கருப்பட்டிப் பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையாம, விரல்ல உருண்டு வரணும். கல்லு மாதிரி ஆனா பதத்தை விட்டுட்டன்னு அர்த்தம். இறக்கி வச்சு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவிக் கிண்டு. தளர இருந்தா பயப்படாதே, மூடி வச்சிருந்தா தன்னால இறுகும். அவசரப்பட்டு அன்னைக்கே சுடாதே. வாழை இலையில எண்ணெய் தடவித் தட்டு. தீ சிறுசா இருக்கட்டும். பிள்ளை பெறந்து உடம்பு தேறின பெறவு சுட்டாப் போதும். சுந்தரேஸ்வரியைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லு. அவளும் எத்தனை நாளைக்குக் கடையில வாங்குவா. மண்தரையில மட்டும் அடுப்பு வைக்காதீங்க.

எழுதணும்னு நினைச்சதெல்லாம் எழுதிட்டேன். ஆனா தாளை மடக்க மனசு வரல.

ரெண்டு வருசமா எனக்கு விடியுதது ஒரே மாதிரிதான் தாயி. வாசல் தெளிக்க வாளியைத் தூக்கும்போதே அவன் பேரைச் சொல்லி ஏச ஆரம்பிப்பேன். நீ நல்லா இருப்பியா, உன் கை விளங்குமான்னு தெரு முழுக்கக் கேக்கும். பக்கத்து வீட்டு செல்வமாரி, "இவளுக்கு அலாரம் வேண்டாம், சுடலைக்குமார் போதும்"னு சிரிப்பா. அந்த வேகத்துலதான் சோறு பொங்குவேன். அந்த வேகத்துலதான் ஆபீஸ் வண்டியில ஏறுவேன். உன் கடுதாசி வந்த வரைக்கும் ஒரு நாளும் படுத்துக் கிடக்கல. அவனை விடக்கூடாது, விடக்கூடாதுன்னுதான் உசிரு நின்னுச்சு.

இன்னைக்குக் காலையில வாளியோட வாசல்ல போய் நின்னேன். வாயைத் தொறந்தேன். ஒண்ணும் வரல. பொய் சொன்னவனை ஏசலாம்தான். ஆனா கொன்னவனை ஏசுத ஏச்சு அது. அதுல பாதி வேகத்தை வச்சு என்னால எந்திரிக்க முடியல. மழையை ஏசவா? ஒரு அடுப்புக் கல்லை ஏசவா? வாளித் தண்ணியை அப்படியே வச்சிட்டு உள்ள வந்து படுத்தேன். வண்டி வந்து ஆரன் அடிச்சுட்டுப் போயிட்டு.

நாளைக்கும் விடியும்லா ஜெயப்பிரியா. நான் இனி யாரை ஏசிக்கிட்டு எந்திரிக்க?